அத்திப்பழ வாயும் பச்சை இலை ஸ்டிக்கரும்

ஒரு காட்டில் ஒருத்தி வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, வாசலைத் தானே மண் குழைத்துப் பூசி அடைத்துக்கொண்டாள் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும். அவள் இருவாச்சிப் பறவை. அந்த இனத்தில் அதுதான் வழக்கம்.

முட்டை வைக்கும் காலம் வந்ததும் பெண் இருவாச்சி ஒரு பெரிய மரத்தின் பொந்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். மண், எச்சம், பழச்சக்கை எல்லாம் சேர்த்துக் குழைத்து வாசலைப் பூசும். காய்ந்தால் அந்தப் பூச்சு கல் மாதிரி. ஆண் பறவையின் அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விட்டிருக்கும். உள்ளே போனதும் சிறகெல்லாம் உதிர்ந்துவிடும். குஞ்சுகள் தலையெடுக்கிற வரை வெளியே வர முடியாது. மூன்று நான்கு மாசம் புருஷன் கொண்டுவந்து ஊட்டுவதுதான் சாப்பாடு. (பிள்ளை பெற்றவளுக்கு மூன்று மாசம் புருஷன் ஊட்டிவிடுகிறானா என்று யாரும் பெருமூச்சு விட வேண்டாம். கதையைக் கேளுங்கள்.)

உள்ளே இருந்தவள் கொண்டையம்மா. கூடவே கண் திறந்து நாலு நாளான இரண்டு குஞ்சுகள். வெளியே பறந்து பறந்து அத்திப்பழம் கொண்டுவந்தவன் அவள் புருஷன் அலகப்பன். அவன் தொண்டையில் ஒரு தடவைக்குப் பதினேழு பழம் பிடிக்கும். மரத்துக்கு வந்து ஒவ்வொன்றாகக் கக்கி, கீற்று வழியாக உள்ளே கொடுப்பான். ஒரே ஒரு சங்கடம். தொண்டை நிரம்பிவிட்டால் பேச முடியாது. வாயைத் திறந்தால் பழம் உருண்டு ஓடிவிடும்.

அந்தக் காட்டுக்குக் காட்டுப்பன்றி ஒருவர் முதலாளி ஆனார். எப்படி ஆனார் என்று கேட்காதீர்கள். ஒருநாள் காலையில் வேலி இருந்தது, அவ்வளவுதான். வேலிக்குள் மரங்களைத் தள்ளிவிட்டு எண்ணெய்ப்பனை நட்டார். நாலு திசையிலும் பனை. குலை குலையாகச் சிவப்புப் பழம். பிழிந்தால் பாமாயில். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த அன்னங்கள் அதை வாங்கி சோப்பு செய்தன, பிஸ்கட் செய்தன, உதட்டுச் சாயம்கூடச் செய்தன.

திடீரென்று அன்னங்களிடமிருந்து ஓலை வந்தது. "காட்டை அழித்து எடுத்த எண்ணெய் என்று தெரிந்ததிலிருந்து பிஸ்கட் இறங்க மாட்டேன் என்கிறது. இனிமேல் மனசு உறுத்தாத எண்ணெயாகப் பார்த்து அனுப்பவும்."

பன்றி முதலாளி பதறிப்போய் மரநாய் ஆய்வாளரைக் கூப்பிட்டார்.

"ஐயா, உறுத்தாத எண்ணெய்க்கு எங்கே போறது? நான் புதுசா மரம் நடணுமா?"

"எதுக்கு முதலாளி அவ்வளவு சிரமம்?" என்றார் மரநாய். "எண்ணெய் இதே எண்ணெய்தான். டின் மேல ஒட்டுறது மட்டும்தான் வேற."

பையிலிருந்து ஒரு ஸ்டிக்கரை எடுத்துக் காட்டினார். பச்சை இலை வடிவம், நடுவில் ஒரு சிரிக்கிற பறவை, கீழே ஒரு நம்பர். 'காட்டை நேசிக்கும் எண்ணெய்ப்பனை' என்று எழுதியிருந்தது.

"இதைச் சும்மா தர முடியாது. ஆய்வு செய்யணும். நான் ரொம்பக் கறார்" என்றார் மரநாய். ஆய்வு முடிகிற வரை அவருக்குச் சாப்பாடும் படுக்கையும் முதலாளி வீட்டிலேயே ஏற்பாடானது. மரநாய்க்குப் பனைப்பழம் என்றால் உயிர். முதல் நாளே மூன்று குலை உள்ளே போனது.

அடுத்த நாள் ஓடைக்கரையில் கருத்துக் கேட்புக் கூட்டம். வருகிறவர்களுக்கெல்லாம் போண்டா. மை தொட்டுத் தாளில் கால் பதித்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அலகப்பன் அந்தப் பக்கமாகத்தான் பழத்தோடு பறந்து வந்தான். கூட்டத்தைப் பார்த்ததும் இறங்கினான். நம்ம மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவோம் என்று நினைத்தான். தொண்டையில் பதினேழு பழம் இருப்பது, உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

மரநாய் நாற்பது பக்க அறிக்கையைப் படித்தார். அதில் ஒரு பத்திதான் அலகப்பனுக்குப் புரிந்தது. "போன வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வெட்டிய மரங்களைப் பற்றிப் பேசக் கூடாது. அது பழங்கதை. இப்போது நிற்கிற மரங்களில் உயிரினம் குடியிருந்தால் அது காடு. குடியிருக்காவிட்டால் காலியிடம். காலியிடத்தில் பனை வைத்தால் காட்டை அழித்ததாக ஆகாது."

படித்து முடித்துத் தண்ணீர் குடித்தார். "ஆட்சேபணை உள்ளவர்கள் வாய் திறக்கலாம்."

அலகப்பன் எழுந்து நின்றான். வாயைத் திறக்கப் போனான். ஒரு பழம் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. முன் வரிசையில் பன்றி முதலாளி மூக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கீழே விழுந்தால் ஒன்றுகூட மிஞ்சாது. காலையிலிருந்து குஞ்சுகள் பட்டினி. அலகப்பன் லபக்கென்று வாயை மூடிக்கொண்டு, 'கூடாது, கூடாது' என்கிற மாதிரி இரண்டு இறக்கையையும் படபடவென்று அடித்தான்.

மரநாய் பேனாவை எடுத்தார். எழுதும்போதே சத்தமாகப் படித்தார். "இருவாச்சிகள் சார்பில் வந்தவர், சிறகடித்து வரவேற்றார்."

எல்லாரும் கைதட்டினார்கள். யாரோ அலகப்பனின் காலைப் பிடித்து மையில் தோய்த்துத் தாளில் பதித்தார்கள். போண்டாவும் கொடுத்தார்கள். அதைத் தின்னவும் வாய் காலியில்லை. காலில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் பறந்தான்.

"போண்டாவுக்கா காலை வெச்சீங்க?" என்றாள் கொண்டையம்மா, கீற்று வழியாக.

"கூட்டத்துக்கு வந்ததுக்கு அடையாளம்னு சொன்னாங்க."

"அந்தத் தாளோட தலைப்பில என்ன எழுதியிருந்துச்சு?"

அலகப்பன் யோசித்தான். "போண்டா சூடா இருந்துச்சு" என்றான்.

மறுநாள் காலை மரநாய் ஆய்வுக்கு வந்தார். கையில் ஏழாம் நம்பர் படிவம். கூடவே மரம் தள்ளும் வேலைக்கு முதலாளியிடம் சேர்ந்திருந்த யானையண்ணன். ஒருகாலத்தில் இதே காட்டில் ராஜா மாதிரி திரிந்தவர். இப்போது நாளுக்கு இரண்டு கட்டு பனை மட்டைக்கு வேலை பார்த்தார்.

விதி என்னவென்றால், மரத்தை மூன்று தடவை தட்ட வேண்டும். உள்ளேயிருந்து உயிரினம் வெளியே வந்தால், 'வந்தது' என்ற கட்டத்தில் டிக். வராவிட்டால் 'வரவில்லை'. வேறு கட்டம் கிடையாது.

டொக். டொக். டொக்.

"யாரது? இப்பத்தான் பிள்ளைங்க கண் அசந்துச்சு!" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

கடைசிப் பழத்தையும் ஊட்டி முடித்திருந்த அலகப்பன் சந்தோஷமாகத் திரும்பினான். "கேட்டீங்களா ஐயா? என் வீட்டுக்காரிதான்."

"கேட்டுச்சு. நல்ல கணீர்னு இருக்கு" என்றார் மரநாய். "ஆனா 'வந்தது', 'வரவில்லை'ன்னுதான் கட்டம் இருக்கு. 'பேசியது'ன்னு கட்டம் இல்லையே."

கொண்டையம்மா கீற்று வழியாக அலகை நீட்டினாள். "இந்தாங்க, வந்திருக்கு. பார்த்துக்கோங்க."

"அலகு மட்டும் வந்தா அது அலகு, பறவை ஆகாதும்மா. முழுசா வெளிய வாங்க. ஒரே ஒரு நிமிஷம்."

"சிறகு உதிர்ந்து கிடக்கு. வாசலும் பூசியிருக்கு. எப்படி வர்றது?"

"சிறகு இல்லையா?" மரநாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அப்ப பறவைப் பட்டியல்லயே சேர்க்க முடியாது. நல்லவேளை, நீங்களே சொல்லிட்டீங்க."

'வரவில்லை'யில் டிக் போட்டார். மரத்தில் சிவப்புச் சாயத்தால் பெருக்கல் குறி போட்டார். "திங்கட்கிழமை தள்ளிடுங்க" என்று யானையண்ணனிடம் சொன்னார்.

யானையண்ணன் குறியைப் பார்த்தார், கீற்றைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"அண்ணே, உள்ள பிள்ளைங்க இருக்கு" என்றாள் கொண்டையம்மா.

"தெரியுதும்மா" என்றார் அவர். "ஆனா குறி போட்டுட்டாங்களே."

அன்று வெள்ளி. நடுவில் இரண்டு நாள்தான். அலகப்பன் வாயில் ஒரு பழமும் இல்லாமல், சொல்ல வேண்டியதை எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு, சான்றிதழ் அலுவலகத்துக்குப் பறந்தான்.

அங்கே கவுன்ட்டரில் தேவாங்கு. ராத்திரியில் விழித்திருந்து பகலெல்லாம் தூங்குகிற பிராணி. அதைத்தான் பகல் வேலைக்குப் போட்டிருந்தார்கள். வரிசையில் முன்னால் முள்ளம்பன்றி ஒன்று. 'அங்க அடையாளம்' என்ற இடத்தில் முள்ளை எண்ணி எழுதச் சொல்லியிருந்தார்களாம். மூன்று நாளாக எண்ணிக்கொண்டிருந்தது. அதை ஒட்டிப் பின்னால் நிற்க யாருக்கும் மனசு வரவில்லை.

அது ஓரமாக ஒதுங்கி எண்ணப் போனதும், உச்சி வெயிலில் அலகப்பன் முறை வந்தது. தேவாங்கு ஒரு கண்ணைத் திறந்தது.

"என்ன?"

"ஐயா, எங்க மரத்தைக் காலியிடம்னு எழுதிட்டாங்க. உள்ள என் பொண்டாட்டி பிள்ளைங்க இருக்காங்க."

"இருப்பிடச் சான்று வேணும். வீட்டு வாசல் போட்டோ... கொண்டு... வாங்க."

"வாசல் இல்லைங்க ஐயா. பூசியிருக்கு."

"வாசல் இல்லாத வீட்டுக்கு... இருப்பிடச் சான்று இல்ல."

"அப்ப புகார் எழுதிக்கிறேன்."

"எழுதலாம். தொண்ணூறு நாள்ல... பதில் வரும்."

"திங்கட்கிழமை மரத்தைத் தள்ளுறாங்க ஐயா!"

தேவாங்கு இன்னொரு கண்ணையும் திறந்தது. அதற்கே இரக்கம் வந்துவிட்டது போல. "அப்ப செவ்வாய்க்கிழமை வாங்க. இன்னிக்கு எழுதினா, என்ன சேதம்னு கேட்பாங்க. ஒண்ணும் நடக்கலையேன்னு தள்ளுபடி பண்ணிடுவாங்க. மரம் விழுந்த பிறகு எழுதினா... புகார் கனமா இருக்கும்."

அலகப்பன் வாயடைத்து நின்றான். இந்தத் தடவை பழம் இல்லாமலேயே.

அப்போதுதான் கவுன்ட்டருக்குப் பின்னால் கண் போனது. பெரிய கொப்பரை ஒன்று. அதில், ஆய்வில் 'நல்லது' என்று தேறிய முதலாளியின் தோட்டத்து எண்ணெய் ஒரு குடம் ஊற்றினார்கள். அடுத்து, எந்தெந்தக் காட்டிலிருந்தோ வந்த எண்ணெய் ஐந்து குடம். கலக்கி டின்னில் அடைத்து, டின்னுக்கு ஒன்றாகப் பச்சை இலை ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.

"ஐயா, எல்லாத்தையும் கலக்குறாங்களே? எது நல்ல எண்ணெய்னு எப்படித் தெரியும்?"

"எண்ணெய்க்கே தெரியாது" என்றது தேவாங்கு. "அன்னத்துக்கு எப்படித் தெரியும்? ஸ்டிக்கர் இருக்கா? அவ்வளவுதான். எண்ணெயே இல்லாம வெறும் ஸ்டிக்கர் மட்டும் வாங்கிட்டுப் போறவங்களும்... உண்டு." சொல்லி முடிப்பதற்குள் இரண்டு கண்ணும் மூடிவிட்டன.

அலகப்பன் வழியில் நாலு பழம் பறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். பழத்தைக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்து, மரத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

"நான் ஒரு கையாலாகாதவன். அன்னிக்குப் பழத்தைத் துப்பிட்டு நாலு வார்த்தை பேசியிருக்கணும்."

"துப்பியிருந்தா பிள்ளைங்க பட்டினி. நீங்க செஞ்சது சரிதான்" என்றாள் கொண்டையம்மா. நாலு பழத்தையும் பிள்ளைகளுக்குப் பிட்டுக் கொடுத்தாள். "ஏங்க, அந்த ஸ்டிக்கர் எங்க இருக்கு?"

"கவுன்ட்டர் ஓரமா கட்டுக்கட்டா கிடக்கு."

"தேவாங்கு?"

"தூங்குது."

"ஒண்ணு எடுத்துட்டு வாங்க."

அலகப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அது திருட்டு இல்லையா?"

"அவங்க முழுக் காட்டையும் எடுத்தாங்க. அதுக்குப் படிவம் இருந்துச்சு. நீங்க ஒரு துண்டுத் தாள் எடுக்கப் போறீங்க. அதுக்குப் படிவம் இல்ல. வேற என்ன வித்தியாசம், சொல்லுங்க பார்ப்போம்?"

அலகப்பனுக்கு வேறு வித்தியாசம் எதுவும் தோன்றவில்லை. மறுநாள் நடுப்பகலில், தேவாங்கு குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போது, தொண்டையில் பழத்துக்குப் பதிலாக ஒரு ஸ்டிக்கரைச் சுருட்டி வைத்துக்கொண்டு வந்துவிட்டான்.

"பசை இல்லையே" என்றான்.

"ஒரு வீட்டையே ஒட்டி வெச்சிருக்கேன், என்கிட்ட வந்து பசை இல்லைங்கிறீங்க" என்றாள் அவள். கீற்று வழியாக ஒரு உருண்டை பூச்சு வெளியே வந்தது. சிவப்புக் குறிக்கு மேலே பச்சை இலை ஏறி உட்கார்ந்தது. சாயங்காலத்துக்குள் காய்ந்து கல்லாகிவிட்டது.

திங்கட்கிழமை விடிந்தது. யானையண்ணன் வந்து நெற்றியை மரத்தில் வைத்தார். மரம் ஒருதரம் குலுங்கியது. உள்ளே குஞ்சுகள் கத்தின. அலகப்பன் கிளையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். ஆனால் இரண்டாவது குலுக்கல் வரவில்லை.

"இது சான்று வாங்கின மரமாச்சே!" என்றார் யானையண்ணன். இரண்டடி பின்னால் போனார். "பிள்ளைங்க இருந்தா தள்ளலாம். ஸ்டிக்கர் இருந்தா தள்ளக் கூடாது. என் வேலை போயிடும்."

பன்றி முதலாளியும் மரநாய் ஆய்வாளரும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். மரநாய் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை. நம்பரைப் புத்தகத்தில் தேடினார். சரியாக இருந்தது. உண்மையான ஸ்டிக்கர்.

"யாரு ஒட்டினது?" என்று மேலே பார்த்தார்.

அலகப்பனின் தொண்டையில் அன்றைக்கு ஒரு பழம்கூட இல்லை. ஆனாலும் அவன் வாயைத் திறக்கவில்லை.

"விவசாயி மறுக்கவில்லை" என்று மரநாய் எழுதிக்கொண்டார்.

"என்னய்யா விவசாயி?" என்று பன்றி முதலாளி உறுமினார். "கிழிச்சுப் போடுங்க. இது சும்மா காட்டு மரம்."

மரநாய் அவர் காதருகே குனிந்தார். "முதலாளி, நல்லா யோசிங்க. இந்த ஸ்டிக்கர் எண்ணெய்ப்பனைக்கு மட்டும்தான் கொடுக்கிறது. இது பனை இல்லைன்னு நான் எழுதினா, ஸ்டிக்கர் தப்பான இடத்திலயும் ஒட்டும்னு ஆயிடும். அப்புறம் கப்பல்ல நிக்கிற உங்க எண்ணூறு டின்னையும் அன்னங்க திறந்து பார்க்கும். பரவாயில்லையா?"

பன்றி முதலாளி உறுமலை நிறுத்தினார். மரத்தை அண்ணாந்து பார்த்தார். "ஆமாமா. பனைதான். நல்ல உயரம். ஆனா இலை கொஞ்சம் வேற மாதிரி..."

"மழைப் பிரதேச ரகம்."

"கிளை இருக்கே?"

"வீரிய ரகம்."

"குலை எங்கய்யா?"

அதே நேரம் பார்த்து, அப்பா பழம் கொண்டுவந்துவிட்டார் என்று நினைத்து, இரண்டு குஞ்சுகளும் கீற்று வழியாகச் சிவந்த வாயைத் திறந்து "கா!" என்று கத்தின.

"அதோ" என்றார் மரநாய். "பழுத்துத் தொங்குது பாருங்க."

"கத்துதே?"

"முத்தின குலை."

அங்கேயே நின்று படிவத்தை எழுதி முடித்தார்கள். எண்ணெய்ப்பனை, ஒன்று. சிறு விவசாயி, அலகப்பன். வருஷ விளைச்சல், பன்னிரண்டு குலை. "பன்னிரண்டு குலைக்கு நான் எங்க போவேன்?" என்று அலகப்பன் தன்னை மறந்து வாயைத் திறந்துவிட்டான்.

"நீங்க ஏங்க போகணும்? பேப்பர்லதானே காய்க்குது!" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார் மரநாய்.

அந்த வருஷ அறிக்கை வந்தது. கப்பல் போனது. அன்னங்கள் நிம்மதியாகப் பிஸ்கட் தின்றன. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. 'இக்காட்டில் பனை ஒன்று கூடியுள்ளது. இருவாச்சி இனம் காணப்படவில்லை.'

மரம் மட்டும் நின்றது. சுற்றி இருந்ததெல்லாம் காலியிடமாகிக்கொண்டே வந்தது. யானையண்ணன் தள்ளிக்கொண்டே போனார். கடைசியில் ஓடைக்கு அக்கரையில் ஒரே ஒரு அத்தி மரம் மிச்சம். அலகப்பன் தினமும் பழம் எடுக்கிற மரம். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் அதிலும் சிவப்புக் குறி.

ஐந்தே ஐந்து பழத்தோடு திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னான். கொண்டையம்மா கேட்டுக்கொண்டே கீற்றின் ஓரத்தில் இருந்த பழைய பூச்சைக் கொத்திப் பொடித்து, பழச்சாறு விட்டுக் குழைத்து ஒரு உருண்டை பிடித்தாள். பெரிய உருண்டை.

"ஏங்க, நீங்க நல்லா இருப்பீங்க, இன்னொரு நடை அந்தத் தேவாங்குகிட்டப் போயிட்டு வாங்க. அத்தி மரத்துக்கு ஒண்ணு எடுங்க. அப்படியே பிள்ளைங்களுக்கும் ரெண்டு எடுத்துட்டு வந்துடுங்க, நெத்தியில ஒட்டிவிடுறேன். நாளைக்கு இதுங்க வெளிய வந்து, 'நாங்க பறவை'ன்னு சொன்னா எவன் நம்பப் போறான்?"

நீதி: உண்மையைச் சொல்ல வாய் வேண்டும்; பிழைத்துக்கிடக்கப் பசை போதும்.